தேவசகாயத்துக்குத் தாளம் தப்பவில்லை

விழுப்புரம் ஜங்ஷனில் நான் வாய் திறந்து பாட ஆரம்பித்தால், போகிற ரயில் நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். இதை முப்பது வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். இதில் கொஞ்சம் மிகை உண்டு என்று இப்போதே ஒத்துக்கொள்கிறேன். அந்த ஜங்ஷனில் நான் பாடினாலும் பாடாவிட்டாலும் அநேகமாக எல்லா ரயிலும் நிற்கும். எனக்காக ஒன்றுகூட நின்றதில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல, தேவசகாயத்தைப் பற்றி. அவரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. மேடையில் தாளம் தப்பிவிட்டு டீ வாங்கப் போன மனிதர் என்று. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது நான். அதை நான்தான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று கிலோமீட்டர் உள்ளே நடந்தால் வருகிற சின்ன ஊர் அவருடையது. அப்பா அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போகிறவர். தேவசகாயம் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, பதினேழு வயதில் விழுப்புரம் மல்லாட்டை மண்டிக்கு மூட்டை தூக்க வந்தார். இருபத்தைந்து வயதில் தராசுக்கு மாறினார். இப்போது அறுபது ஆகிறது. இன்றைக்கும் அதே மண்டியில் எடை போடுகிறார்.

அவர் எடை போடுவதை ஒருமுறை பார்க்க வேண்டும். மூட்டையைத் தராசில் ஏற்றியதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் அடி பின்னால் போய் நிற்பார். தன் விரலோ வேட்டி நுனியோ தராசில் படவில்லை என்பதை மூட்டைக்காரர் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. எண் ஓடி நின்ற பிறகுதான் வாய் திறப்பார். இரண்டு தடவை சொல்வார். ஒருமுறை முதலாளி பொறுமையிழந்து, “கொஞ்சம் ஜல்தியா சொல்லேன்யா” என்றாராம். “தராசு மொதல்ல சொல்லட்டும் மொதலாளி, அப்புறம் நான் சொல்றேன்” என்றாராம் இவர். மண்டகப்பட்டுப் பக்கத்திலிருந்து வருகிற விவசாயிகள் வேறு தராசு காலியாக இருந்தாலும் இவர் தராசுக்கு முன்னால்தான் வரிசை கட்டுவார்கள். போன தை மாதம் வரைக்கும், முப்பத்தைந்து வருஷத்தில் இவர் சொன்ன எடைக்கு யாரும் மறு எடை கேட்டதில்லை. இதில் மிகை கிடையாது.

டோலக் அவர் மடிக்கு வந்தது பதினான்கு வயதில். ஊர் மாதா கோயில் பாடற்குழுவில் டோலக் அடித்துக்கொண்டிருந்தவர் கல்யாணமாகி மாமனார் ஊரோடு போய்விட்டார். அனாதையாகக் கிடந்த டோலக்கை இவரிடம் தூக்கிக் கொடுத்தார்கள். சொல்லித்தர ஆள் இல்லை. தாளம் தப்பினால் முன்னால் நின்று பாடுகிற பெண்கள் திரும்பி முறைப்பார்களாம். “யாரும் திரும்பிப் பாக்கலன்னா நான் அடிச்சது சரி. பாத்தாங்கன்னா தப்பு. அப்படியேதான் கத்துக்கினேன்” என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அதை அவர் சொன்னபோது நானும் சிரித்தேன்.

எங்கள் கூட்டம் நாலு பேர். தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. சூர்யகலா ஆர்மோனியம். என்னிடம் படித்த பெண், பால் சொசைட்டியில் வேலை, வீட்டில் நிலம் நீச்சு உண்டு. அவள்தான் மண்டிக்கு மல்லாட்டை போடப் போன இடத்தில் தேவசகாயத்தைப் பிடித்து வந்தாள். ஆனந்தராஜ் மாண்டலின். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு அருகே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். தேவசகாயம் டோலக். பாட்டு நான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு என் வீட்டு ஹாலில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாயை விரிப்போம். மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. கரண்ட் போனால் ஃபேன்தான் நிற்கும், பாட்டு நிற்காது. அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

முதல் வருஷத்திலேயே ஆனந்தராஜுக்கும் சூர்யகலாவுக்கும் பெரிய தகராறு. “நீ தப்பா வாசிச்ச,” “நீதான் தப்பா வாசிச்ச” என்று மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு நான் ஒரு சட்டம் போட்டேன். யார் தப்பினார்கள் என்று வாயால் சொல்லக் கூடாது, பார்க்கத்தான் வேண்டும். எல்லோரும் யாரைப் பார்க்கிறார்களோ அவர் பேசாமல் எழுந்து உள்ளே போய் டீ போட வேண்டும். பாட்டு நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். டீயோடு அவர் திரும்பி வந்தால் அந்தத் தப்பு அதோடு முடிந்தது, மறுபடி அதைப் பற்றிப் பேச்சில்லை.

நல்ல சட்டம். சண்டை நின்றது. ஆனால் சட்டம் போட்டவளே அதில் ஓட்டை வைத்திருந்தாள்.

முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள் நான். நான் எந்தப் பக்கம் பார்க்கிறேனோ அந்தப் பக்கம் நாற்பது தலைகள் திரும்பும். அந்தப் பழக்கம் ஹாலிலும் கைகொடுத்தது. நான் தப்பினால், மற்றவர்கள் சுதாரிப்பதற்குள், புருவத்தைத் தூக்கித் தேவசகாயத்தைப் பார்த்துவிடுவேன். மற்ற இரண்டு பேரும் என் கண் போன பக்கம் பார்ப்பார்கள். தேவசகாயம் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்ப்பார். டோலக்கை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து போவார். கொஞ்ச நேரத்தில் இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்கும்.

எனக்கு முட்டிவலி, எழுந்து உட்கார முடியாது என்று ஆரம்பத்தில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் அந்தச் சமாதானமும் தேவைப்படவில்லை. வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் மேல் சாக்பீஸ் எறிந்துவிட்டு நல்ல பிள்ளைபோல் உட்கார்ந்திருக்கும் குறும்பு என்றே நினைத்திருந்தேன். அவருடைய டீயின் மணத்துக்கு எதிர்வீட்டு நாய் கேட்டைத் தாண்டிக் குதித்து வந்தது என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வேன். எதிர்வீட்டில் நாயே கிடையாது. அப்படிப் புகழ்ந்தால் போதும், கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று என்று ஓர் எண்ணம்.

போன தை மாதம் திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகர் வட்டத்தார் தேடி வந்தார்கள். கல்யாண மண்டபத்தில் ஆண்டு விழா, மாலை ஐந்து மணி, ஒரு மணி நேரம் நீங்கள் பாட வேண்டும் என்றார்கள். ஹாலை விட்டு நாங்கள் வெளியே பாடப் போவது அதுதான் முதல் தடவை. ஆனந்தராஜ் இரண்டு நாள் கடையை மூடிவிட்டுப் பயிற்சி செய்தான். தேவசகாயம் புது வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டார். மண்டியில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அவர் ஊர் போகிற வழியில்தானே, ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். மண்டியிலிருந்து ஒன்பது பேர். இரண்டாவது வரிசையில் அவர் மனைவி ஆரோக்கியமேரி, தலை நிறையக் கனகாம்பரத்தோடு.

“முந்நூறு பேர் இருப்பாங்க போலக்குது டீச்சரம்மா” என்றார் தேவசகாயம், திரைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டு.

“முந்நூறு தலையும் முந்நூறு மல்லாட்டை மூட்டைன்னு நெனச்சிக்கோங்க” என்றேன்.

“மூட்டை கை தட்டாதே” என்றார். நன்றாகத்தான் இருந்தார். பயம் கொஞ்சம்கூட இல்லை. அதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேடையில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். எங்கள் ஹால் மாதிரியே சுற்றி உட்கார்ந்தோம். அதுதான் வினையாகிப் போனது. முதல் இரண்டு பாட்டும் நன்றாகவே போயின. மூன்றாவது பாட்டில், இரண்டாம் சரணத்துக்கு முன்னால் மாண்டலின் தனியாக வரும். அது முடிந்ததும் தேவசகாயம் எட்டுத் தட்டுத் தட்டுவார். எட்டு முடிந்த பிறகு நான் எடுக்க வேண்டும். வீட்டில் நூறு தடவை எடுத்த பாட்டு.

மூன்றாவது வரிசையில் என்னோடு வேலை பார்த்த லட்சுமியம்மாள் உட்கார்ந்திருந்தாள். “உனக்குக் குரல் போயிடுச்சு, இனிமே சும்மா இரு” என்று என்னிடம் சொன்னவள். அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற ஆசையில் ஏழாவது தட்டிலேயே எடுத்துவிட்டேன். தேவசகாயம் எட்டாவதை அதன் இடத்தில் சரியாக வைத்தார். அது என் வார்த்தையின் நடுவே வந்து விழுந்தது. யார் காதுக்கும் ஏதோ இடறியது தெரிந்திருக்கும். யார் இடறினார்கள் என்பதுதான் தெரிந்திருக்காது.

நான் யோசித்துச் செய்யவில்லை. பதினோரு வருஷப் பழக்கம் கழுத்தைத் திருப்பியது. புருவத்தைத் தூக்கித் தேவசகாயத்தைப் பார்த்தேன். சூர்யகலா பார்த்தாள். ஆனந்தராஜ் பார்த்தான். அவர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். டோலக்கை ஓரமாக வைத்தார். எழுந்தார். பக்கவாட்டுப் படியில் இறங்கிப் போய்விட்டார்.

பாட்டை எப்படி நிறுத்துவது? ஒற்றைக் காலில் நொண்டுகிற மாதிரி பாடிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பின்னாலிருந்து ஒருவன், “பெரியவருக்கு வயித்தக் கலக்கிடுச்சி டோய்!” என்று கத்தினான். சிரிப்பு. விசில். ஆரோக்கியமேரி திரும்பித் திரும்பிப் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தில் மேடைக்குப் பின்னால்தான் சமையல்கட்டு. தேவசகாயம் நேரே அங்கே போயிருக்கிறார். பெரிய அண்டாக்களுக்கு நடுவில் நின்றவரைச் சமையல்காரர், “இன்னா சார் வேணும்?” என்று கேட்டிருக்கிறார். “நாலு டீ” என்றிருக்கிறார் இவர். விழாவுக்குப் போட்டு வைத்த டீ கேனில் இருந்தது. பிடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

பாட்டின் கடைசி வரியை நான் முடித்தபோது, கையில் தாம்பாளம், தாம்பாளத்தில் நாலு பேப்பர் கப், அதிலிருந்து ஆவி பறக்க, தேவசகாயம் படியேறி மேடைக்கு வந்தார். விளக்கு முகத்தில் அடித்தது. அப்போதுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. மண்டபமே வெடித்துச் சிரித்தது. எங்கே பார்த்தாலும் தூக்கிப் பிடித்த செல்போன். ஆரோக்கியமேரி மட்டும் குனிந்து தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழாவைத் தொகுத்து வழங்கிய இளைஞர் ஓடி வந்து மைக்கை என்னிடம் நீட்டினார். “என்னங்கம்மா ஆச்சு? எல்லாரும் தெரிஞ்சிக்க ஆசப்படறாங்க.”

ஒரு வரியில் முடித்திருக்கலாம். தப்பினது நான் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். லட்சுமியம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மைக்கை வாங்கிச் சொன்னேன்: “ஒண்ணுமில்லங்க. எங்க தேவசகாயத்துக்கு இதுதான் மொத மேடை. பயத்துல தாளம் தப்பிடுச்சி. எங்க வீட்ல யாரு தப்புனாலும் அவங்கதான் எல்லாருக்கும் டீ போடணும்னு ஒரு சட்டம். அந்த ஞாபகத்துல போயிட்டாரு. பாவம், நல்லா டீ போடுவாரு.”

அன்றைக்கு எனக்குக் கிடைத்த மிகப் பெரிய கைத்தட்டல் அதற்குத்தான். பாட்டுக்கு அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. நான் கும்பிட்டு அதை ஏற்றுக்கொண்டேன். சிரித்துக்கொண்டே கும்பிட்டேன். இதை எழுதும்போது காது சுடுகிறது.

திரும்பி வருகிற பஸ்ஸில் தேவசகாயம் டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பஸ் மயிலம் தாண்டியது. பிறகு திரும்பினார்.

“மன்னிச்சிடுங்க டீச்சரம்மா. எட்டும் சரியா அடிச்சேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். எங்க வுட்டேன்னே தெரியல. என்னால உங்க எல்லாருக்கும் கேவலமாப் பூடுச்சி.”

“வுடுண்ணா, இதுக்குப் போயி பேஜாராவாத” என்றான் ஆனந்தராஜ்.

“அடுத்த வாட்டி பாத்துக்கலாம்” என்றேன். நான். அவரிடம்.

வீடியோ ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் போய்விட்டது. மண்டியில் அவருக்கு ‘டீ மாஸ்டர்’ என்று பேர் வைத்தார்கள். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் தராசில் மூட்டை ஏற்றிய விவசாயி ஒருவர், “யோவ் டீ மாஸ்டரு, இன்னொரு வாட்டி போடுய்யா. பாட்டுல வுட்டாப்பல இதுலயும் வுட்டிருப்ப” என்றாராம். விளையாட்டாகச் சொன்னதுதான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவர் மூட்டையை இறக்கி மறுபடி ஏற்றினார். அதே எடை. மறுநாள் இன்னும் இரண்டு பேர் மறு எடை கேட்டார்கள். அதற்கடுத்த வாரம் யாரும் கேட்காமலே இவராகவே ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி ஏற்ற ஆரம்பித்துவிட்டார். வரிசை நின்றுபோய் முதலாளி சத்தம் போட்டிருக்கிறார்.

இதையெல்லாம் என்னிடம் வந்து சொன்னவள் ஆரோக்கியமேரி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் வராமல் போனபிறகு, மூன்றாவது ஞாயிறு அவள் வந்தாள். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினாள்.

“வூட்ல டோலக்க தொடவே மாட்றாரு டீச்சரம்மா. துணி போட்டு மூடி பீரோ மேல வச்சிட்டாரு. சோறு துன்னும்போது விரலு தன்னால தட்டும் இல்ல? அதையும் நிறுத்திட்டாரு. நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. நெஜமாவே அவருதான் தப்புனாரா? கோயில்ல இத்தினி வருசம் அடிக்கிறாரு, ஒரு நாளும் ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்ல.”

“மேடைன்னா யாருக்கும் வர்றதுதாம்மா” என்றேன்.

அது பதில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்தாள். “சரிங்க” என்று போய்விட்டாள். நான் கொடுத்த காபியை அவள் தொடவில்லை.

அன்று மாலையே சூர்யகலா வந்து செல்போனை என் முன்னால் வைத்தாள். அந்த வீடியோ.

“பத்து வாட்டி கேட்டுட்டேன் டீச்சர். நீங்களும் எண்ணுங்க.”

எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் தட்டுவது மண்டபத்து இரைச்சலுக்கு நடுவிலும் தெளிவாகக் கேட்டது. ஏழில் என் குரல் நுழைந்தது.

“அவரு தப்பல” என்றாள்.

“இல்ல.”

“நீங்கதான்.”

“ஆமா.”

“உங்களுக்கு அப்பவே தெரியுமா?”

தலையை மட்டும் ஆட்டினேன். அவள் ரொம்ப நேரம் ஆர்மோனியத்தின் கட்டைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தலை நிமிராமலே கேட்டாள்: “வூட்லயும் இப்படித்தானா டீச்சர்? நாங்க பாட்டுக்கும் நீங்க பாக்கற பக்கம் பாத்துக்கினு இருந்தோமே?”

வகுப்பில் நான் யாரையும் அடித்ததில்லை. அன்றைக்கு என்னை யாராவது இரண்டு அடி அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

“அத்தினி பேரு முன்னாடி மைக்ல சொன்னீங்க. அதே மாதிரி மைக்லதான் திருப்பிச் சொல்லணும்” என்றாள் சூர்யகலா. சொல்கிறேன் என்றேன். ஆனால் நாளைத் தள்ளிக்கொண்டே போனேன். பங்குனி போனது, சித்திரை போனது. வைகாசியில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் விழுப்புரத்தில் கூட்டம் போட்டுப் பாட அழைத்தார்கள். மண்டி வியாபாரிகள் பாதிப் பேர் அந்தப் பள்ளியில் படித்தவர்கள். இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்று சூர்யகலா ஒற்றைக் காலில் நின்றாள்.

தேவசகாயத்தை அழைக்க நானே மண்டிக்குப் போனேன். மூட்டை மேல் உட்கார்ந்து காத்திருந்தேன். அவர் கைகளைப் பின்னால் கட்டி நின்று எடை சொன்னார். மூன்று தடவை சொன்னார். முன்பெல்லாம் இரண்டு தடவைதான்.

“வேணாம் டீச்சரம்மா. வேற யாரையாச்சும் கூப்புட்டுக்கோங்க.”

“என்ன நம்பி ஒரு வாட்டி வாங்க.”

“உங்கள நம்பாம யார நம்பப் போறேன்?” என்றார். அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டு மேலும் சொன்னார்: “வரேன். ஆனா அந்த எட்டுத் தட்டு வேணாம். நாலோட நிறுத்திக்கறேன். தப்பறதுக்கு எடமே இருக்கக் கூடாது.”

அவர் வந்தார். அதே வெள்ளைச் சட்டை. நாலு தட்டோடு நிறுத்திக்கொண்டார். பாட்டு அந்த இடத்தில் வெறுமையாக இருந்தது. ஆனால் கேட்டவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

கடைசிப் பாட்டு முடிந்தது. நான் மைக்கைக் கையில் எடுத்தேன். ஐந்நூறு பேர் கூடியிருந்த அரங்கு ஊசி விழுந்தால் கேட்கும்படி அமைதியாக இருந்தது. நான் சொன்னேன்: “திண்டிவனத்துல தாளம் தப்புனது தேவசகாயம் இல்ல. நான். ஏழாவது தட்டுல எடுத்தது நான். பழிய அவர் மேல போட்டு அவரப் பாத்தது நான். எல்லாருக்கும் முன்னாடி பொய் சொன்னதும் நான்.”

தேவசகாயம் டோலக்கின் மேல் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மெதுவாகக் கேட்டார்: “அப்ப நான் அடிச்ச எட்டு சரிதானா டீச்சரம்மா?”

“சரிதான்.”

“எட்டும்?”

“எட்டும்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் டோலக்கின் மேல் சத்தமில்லாமல் எட்டு தடவை விழுந்தன. கூட்டம் அப்படியே எழுந்து நின்றது. கைத்தட்டல் அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. மண்டி ஆட்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு அவரை டீ மாஸ்டர் என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை.

இதுவரை எழுதியதைப் போன ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்னால் சூர்யகலாவிடம் படித்துக் காட்டினேன். அவள் பாயில் உட்கார்ந்து கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“ஐந்நூறு பேரா டீச்சர்? போட்டிருந்ததே நூத்தியிருபது நாற்காலிதான்.”

“சரி, மாத்திடறேன்.”

“அவங்க எழுந்து நின்னது சாப்பாட்டுக்கு. இலை போட்டாச்சின்னு பின்னாடி கொரல் குடுத்தாங்க.”

நான் அந்த வரியின் கீழ் பேனாவால் கோடு போட்டேன்.

“அண்ணன் கேட்டது நெஜம். விரலால எட்டு தட்டுனதும் நெஜம், நான் பாத்தேன். ஆனா டீச்சர், பாட்டு முடிஞ்சதும் மைக்க ஆஃப் பண்ணிட்டுதான் நீங்க பேச ஆரம்பிச்சீங்க. கட்டை விரலால நீங்களேதான் சுவிட்ச்ச தள்ளுனீங்க, நான் பக்கத்துலதான் உக்காந்துக்கினு இருந்தேன். எங்க மூணு பேருக்குத்தான் கேட்டுது. மண்டி ஆளுங்க அப்பவே கை கழுவப் பூட்டாங்க. அண்ணன இன்னும் டீ மாஸ்டர்னுதான் கூப்புடறாங்க. நேத்து மல்லாட்டை போடப் போனப்ப என் காதாலயே கேட்டேன்.”